மடிப்புக்குள் போன சொல்

அப்பு,

இதை உனக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடுவாய். போனில் சொல்ல வந்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் நம் பிளக்ஸ் கடை கம்ப்யூட்டரிலேயே டைப் செய்து, நோட்டீஸ் மாதிரி அடித்து, ஊருக்கே கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். மேலத்தெருவில் நம் வீட்டுச் சுவரில் ஒன்று ஒட்டுவேன். கீழத்தெருவில் முதல் தாளை ஜீப்பு ஓட்டுகிற முத்தையா அண்ணன் கையில் கொடுப்பேன். பெற்ற தாயே என்னைத் தெருவில் நிறுத்திவிட்டாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் செய்த தப்பு தெருவில் கட்டித் தொங்கிய தப்பு. அதை அடுப்படியில் வைத்து உன் காதோடு சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. வெளியூர்க்காரர்கள் கையிலும் இந்தத் தாள் போகும் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொண்டு படி.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிகாலையில் போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு ஹாரன் அடித்தால்கூட எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். அன்றைக்கு ஊர்வலத்தின் முதல் ஜீப்பில் நீ நிற்பாய், கையில் மைக் இருக்கும், பின்னால் வரிசையாக வண்டிகள் வரும், கீழத்தெரு முனையில் வைக்கோல் பொம்மையை எரிப்பீர்கள், பக்கத்திலேயே பேர் கொத்திய கல்லை நடுவீர்கள். இதெல்லாம் எனக்கு இப்போதே நடப்பதுபோலத் தெரிகிறது. போன வருஷம்வரை நீ அடிபட்டு வந்துவிடுவாயோ என்று பயந்தேன். இந்த வருஷம் நீ யாரையாவது அடித்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். இரண்டாவது பயம் முதல் பயத்தைவிட மோசமாக இருக்கிறது. அடிபட்டால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழலாம். அடித்தவனைப் பெற்றவள் எந்த வாசலில் போய் அழுவாள்? ராசிங்காபுரத்தில் தாய் வீட்டில் ஏழு மாத வயிற்றோடு இருக்கிற உன் மனைவி தினமும் போன் பண்ணி, "அத்தே, அவுக வீட்டுக்கு வந்தாகளா?" என்று கேட்கிறாள். வரவில்லை என்று சொல்ல வாய் வராமல், "இப்பத்தான் சாப்பிட்டுப் போனான்" என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர் போடிக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வரி பிடுங்க வந்த ஒரு படையை நம் ஊர்க்காரர்கள் மலைப்பாதையில் மறித்து அடித்து விரட்டினார்கள் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. எந்த வருஷம், எந்த மாசம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வந்தது நவாபு படையா, வெள்ளைக்காரன் படையா என்பதற்கே டீக்கடையில் இரண்டு கட்சி உண்டு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சண்டைக்கு விழா எடுக்க வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டார்கள். தேதி வேண்டுமே என்ற பேச்சு வந்தது. அப்போதே தலைவராக இருந்தவர்தான் இன்றைக்கும் தலைவர். அவர் சொன்னார், "ஆகஸ்டு பதினஞ்சுன்னு வச்சிருவம்யா. அன்னைக்கித் தோட்டமெல்லாம் லீவு. ஜீப்பு பூராம் சும்மாதான நிக்கும்." அப்படித்தான் நம் முன்னோர்கள் சுதந்திர தினத்தன்று சண்டை போட்டார்கள். தேதி அப்படி அமைந்ததும், வந்த படையும் வெள்ளைக்காரன் படையாகவே ஆகிவிட்டது. நீ மைக்கில் அந்தத் தேதியைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். இப்போதெல்லாம் பயம் மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். படை நடத்திய வீரண்ணனுக்கு முகம் கிடையாது. படம் இல்லை, சிலை இல்லை. பிளக்ஸில் முகம் இல்லாமல் எப்படி என்று தலைவர் கேட்டதால், உன் அப்பாவின் கல்யாணப் போட்டோவை எடுத்து, தலைப்பாகை கட்டி, மீசையைப் பெரிதாக்கி, கண்ணை உருட்டி வைத்தேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வீரம் எனக்கு இருந்தா உன்கிட்ட ஏன் வாயை மூடிட்டு இருக்கேன்?" என்றார். இன்றைக்கு அந்த முகத்தைப் பையன்கள் கையில் பச்சை குத்தியிருக்கிறார்கள். உன் பைக்கிலும் ஒட்டியிருக்கிறாய். அந்த மூக்கை ஒருநாள் கண்ணாடியில் உன் மூக்கோடு வைத்துப் பார். வரலாறு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் புரியும். இதெல்லாம் சின்னப் பொய்கள், யாருக்கும் ரத்தம் வராத பொய்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். இனிமேல்தான் பெரியதைச் சொல்ல வேண்டும்.

கதையை எழுதிக் கொடுத்தவர் தபால்கார மாமா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு தெருப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து கேட்டு, ஒரு முழுத்தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டுவந்தார். பிளக்ஸில் போட வேண்டியது மூன்றே வரி. படை நடத்திய வீரண்ணன். பாறை உருட்டிய மேலத்தெரு இளவட்டங்கள். வழி காட்டிக் கொடுத்த பொதிமாட்டுக் கருப்பன். கருப்பன் கீழத்தெருக்காரர். மலைக்கு உப்பும் கருவாடும் ஏற்றிப்போய், இறங்கும்போது ஏலக்காய் கொண்டுவருகிற பொதிமாடு ஓட்டியவர். மாடு ஏறுகிற ஒற்றையடிப் பாதை அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பாதையில் நம் ஆட்களைக் கூட்டிப்போய்ப் படைக்கு மேலே நிறுத்தியவர் அவர். அவர் இல்லாவிட்டால் பாறையை யார் தலையில் உருட்டியிருப்பார்கள்? மாமா இதைச் சொல்லிவிட்டு, "ரெண்டு தெருவும் சேந்து செஞ்ச காரியம் தாயி, பேரு ஒண்ணுபோல ஒரே அளவுல வரணும்" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார். அதற்கு மறுநாளே அவரை நெஞ்சு வலி என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். விழாவுக்கு அவர் வரவில்லை. ஊருக்கும் உயிரோடு திரும்பவில்லை.

அப்போது டிசைன் மட்டும்தான் நம் கடையில். தேனிக்கு அனுப்பி அடித்து வாங்கி, ஓரத்தைப் பின்னால் இரண்டு மடிப்பாக மடித்துப் பசை போட்டு ஒட்டி, கயிறு கட்ட ஓட்டை போட்டு வளையம் அடித்துக் கொடுப்போம். எல்லாம் முடித்து வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் தலைவர் வந்து, "தாயி, என் படத்தைக் கொஞ்சம் பெருசாப் போட்டு விடு" என்றார். வலது பக்கம் அவர் படம் பெரிதானது. கருப்பன் வரிதான் மூன்றிலும் நீளமானது. அது தலைவரின் வேட்டியில் இடித்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் மாமா கோபிப்பார் என்று, அந்த ஒரு வரியை மட்டும் இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். மடிப்புக்கு ஓரம் விட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு அவசரத்தில் மறந்தேன். பதினைந்தாம் தேதி காலையில் பிளக்ஸ் வந்தது. ஜீப்பு வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இடது ஓரத்தை மடித்துப் பசையை அழுத்தும்போது பார்த்தேன், 'வழி' என்ற இரண்டெழுத்தும் மடிப்புக்குள் போய்விட்டன. வெளியே நின்றது 'காட்டிக் கொடுத்த பொதிமாட்டுக் கருப்பன்'.

பார்த்தேன் அப்பு. பார்க்காமல் நடந்த தப்பு இல்லை. தமிழ் தெரியாதவள் செய்ததும் இல்லை. உனக்குப் பேர் வைக்கும்போது ஒற்றெழுத்துக்கு ஜோசியரோடு சண்டை போட்டவள் நான். வழி காட்டிக் கொடுத்தால் உபகாரம், வெறுமனே காட்டிக் கொடுத்தால் துரோகம் என்று எனக்குத் தெரியும். மடிப்பைப் பிரித்தால் வளையம் நிற்காது, பிளக்ஸ் கிழியும். திருப்பி அடிக்கத் தேனிக்குப் போய்வர நேரமில்லை. வெளியே, "என்ன மதினி, இன்னுமா ஆகல? வெரசாக் கொண்டாங்க" என்று கத்துகிறார்கள். ஒருநாள் கூத்துதானே, எவன் நின்று படிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

படித்தவர் ஒருத்தர் இருந்தார். முத்தையா அண்ணன். கருப்பன் வழி வந்தவர், பொதிமாட்டுக்குப் பதில் ஜீப்பு ஓட்டுகிறவர். தன் பாட்டன் பேரை முதல்முறையாகப் போர்டில் பார்க்க வேண்டும் என்று, வெள்ளைச் சட்டை போட்டு, மாலையோடு பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிளக்ஸைப் பார்த்தார். மாலை கையிலேயே இருந்தது. அப்புறம் தலைவரிடம் போய், "எங்க பாட்டனை ஏன்யா இப்படிப் போட்டீக?" என்று மெதுவாகத்தான் கேட்டார். தலைவருக்கே அப்போதுதான் தெரியும். நிமிர்ந்து வரியைப் படித்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "வரலாறு அப்படித்தானப்பா சொல்லுது, நான் என்ன செய்ய?" என்றார். தப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் அந்தத் தப்பு தனக்குப் பயன்படும் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஊராட்சித் தேர்தல் வரும் வருஷம் அது, மேலத்தெரு ஓட்டு ஒன்றாகச் சேரும்.

இரண்டு நாள் கழித்து முத்தையா அண்ணன் கடைக்கு வந்தார். "தங்கச்சி, தபால்காரரு எழுதிக் குடுத்த தாளு இருக்குமா? ஒரு தரம் பாத்துக்கிறேன்" என்று கேட்டார். முடிந்த வேலைகளின் தாளையெல்லாம் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்போம் அல்லவா, அந்தத் தாள் அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்லண்ணே, குப்பையில போயிருச்சு" என்றேன். உன் அப்பா உள்ளே நின்றுகொண்டு வெளியே வரவில்லை. கமிட்டியைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் கடை நடத்த முடியாது என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்கும். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் தாளைக் கம்பியிலிருந்து உருவி அடுப்பில் போட்டேன். மாமாவின் கையெழுத்து எரியும்போது ஓரத்திலிருந்து எரிந்து நடுவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த முத்தையா அண்ணன் யார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் நீ மறந்துவிட்டாய். உனக்கு ஆறு வயசு. போடிமெட்டுக்கு மேலே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் உன் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். மத்தியானம் காய்ச்சல் ஏறி உனக்கு வலிப்பு வந்துவிட்டது. பனிமூட்டம், எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மற்ற டிரைவர்கள் எல்லாரும், "கொஞ்சம் கலையட்டும்க்கா" என்றார்கள். இவர் வண்டியை எடுத்தார். தலையை வெளியே நீட்டி ரோட்டோரக் கல்லைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் கத்திக்கொண்டே இருந்தேன். "தங்கச்சி, பிள்ளைய மடியில இறுக்கிப் பிடி. வளைவை நான் பாத்துக்கிறேன்" என்றார். அதையேதான் ஒவ்வொரு வளைவுக்கும் சொன்னார். நீ இன்றைக்கு மைக் பிடித்து நிற்கிறாய் என்றால் அது அந்த ஜீப்பு இறங்கியதால். அந்த மனிதர் ஒரே ஒரு தாளைக் கேட்டார், நான் எரித்தேன்.

உன்னிடமும் ஒருநாள் சொல்லியிருக்கலாம். உனக்குப் பன்னிரண்டு வயசு, அந்த முதல் விழா முடிந்த வாரம். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, "அம்மா, காட்டிக் கொடுத்தான்னா துரோகிதான?" என்று கேட்டாய். "சாப்பிடு, சோறு ஆறுது" என்றேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் மேடையில் ஏறி, 'துரோகி கருப்பன்' என்று கையை நீட்டிப் பேசினாய். கூட்டம் கை தட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன், பிள்ளை தடுமாறாமல் பேசுகிறானே என்று. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு 'காட்டி' என்று பட்டப்பெயர் வந்தது. "ஏலே காட்டி, பந்தை எடுத்துப் போடு" என்று நீயே கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். மேலத்தெருப் பெண்கள் முத்தையா அண்ணன் ஜீப்பில் ஏறுவதை நிறுத்தினார்கள். காட்டிக் கொடுத்தவன் வண்டி, பாதி வழியில் தள்ளிவிட்டுவிடுவானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவர் இப்போது பாதி வண்டி ஆளோடு மலை ஏறுகிறார்.

போன வருஷத்துக்கு வருகிறேன். ஊர்வலம் கீழத்தெரு முனையில் நின்றது, கல் பறந்தது, முத்தையா அண்ணன் மகன் பாண்டிக்குக் காதோரம் அடி விழுந்தது. அந்தக் காது இனிமேல் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். நீ மத்தியானம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளித்தாய். சட்டையில் ரத்தம் இருந்தது. உன் உடம்பைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் காயம் இல்லை. யாருடைய ரத்தம் என்று நான் கேட்கவில்லை. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன், வாசல் கொடியில் இல்லை, கொல்லைப்புறத்துக் கொடியில். ஒரு வருஷமாக அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடக்கிறது. இப்போது எல்லார் முன்னாலும் கேட்கிறேன். பாண்டி உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கல்லை எறிந்தது யார் அப்பு? உன் பதில் எதுவாக இருந்தாலும் அதில் பாதி என்னுடையது. நீ தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இந்த வருஷப் பிளக்ஸுக்கு நீ அனுப்பிய வாசகத்தைக் கடையில் திறந்து பார்த்தபோது என் கண் இருட்டியது. 'துரோகியின் வாரிசுகளே, தெருவை விட்டு வெளியே வாருங்கள்' என்று இருந்தது. கூடவே கல்லுக்கும் வாசகம் இருந்தது, 'காட்டிக் கொடுத்தவன் தெரு' என்று. கீழத்தெருவுக்கே அந்தப் பேரைக் கொத்தி அதன் முனையில் நடப்போகிறீர்கள்.

"இதை நான் அடிக்க மாட்டேன் அப்பு" என்றேன்.

"நீ அடிக்காட்டிப் போ. தேனியில கடையா இல்ல?" என்றாய்.

"கல்லு வேண்டாண்டா. பிளக்ஸுன்னா வெயில்ல வெளுத்துப் போகும். கல்லு வெளுக்குமா?"

"வெளுக்கக் கூடாதுன்னுதாம்மா கல்லு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கமிட்டி ஆபீசுக்குப் போனவன்தான், இன்றோடு மூன்று வாரம் ஆகிறது.

அதற்குப் பிறகு தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம் நடந்தது. பெண்கள் சார்பில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கருப்பன் துரோகி என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டார். நீ எழுந்து செல்போனை நீட்டினாய். "முத வருசத்துப் பிளக்ஸே சாட்சி சார். ரெண்டு தெருவையும் விசாரிச்சு ஒரு பெரியவரு எழுதுனது. படிச்சுப் பாருங்க" என்றாய். போட்டோவில் என் மடிப்பு தெளிவாகத் தெரிந்தது. நான் ஒட்டிய ஓரம்தான் உனக்கு ஆதாரம். முத்தையா அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, தாளைக் கேட்ட அன்றைக்குப் பார்த்தமாதிரியே பார்த்தார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அதிகாரி ஊர்வலம் கீழத்தெரு வழியாகப் போகக் கூடாதென்று சொல்லி முடித்துவிட்டார். வெளியே வந்ததும், "போவோம்" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டீர்கள். கீழத்தெருவில் இளவட்டங்கள் மாடியில் கல் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் பக்கம் பெட்ரோல் கேன் போகிறது. கருப்பன் பொம்மையை எரிக்கத்தான் என்கிறாய். பொம்மைக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்?

விழாவே கொண்டாடாதே என்று நான் சொல்லவில்லை. கொடி ஏற்று, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடு, செத்தவர்களை நினைத்துக் கும்பிடு. சாமி கும்பிடுகிறவர்களுக்கு அது தெரியாததா? ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக எல்லாக் கட்சிக்கும் எல்லா ஜெயந்திக்கும் நினைவு நாளுக்கும் பிளக்ஸ் போட்டவள் சொல்கிறேன். எந்த விழாவானாலும் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று முதலில் பார். செத்தவர் படம் சின்னதாகவும் உயிரோடு இருக்கிறவர் படம் பெரிதாகவும் இருந்தால், அது செத்தவருக்கான விழா இல்லை. நம் ஊரில் ஒரு படம் பெரிதாக வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு சொல் ஓரத்துக்குப் போனது. அந்தப் படத்துக்காரர் பதினைந்தாம் தேதி முதல் ஜீப்பில் நிற்க மாட்டார், பார்த்துக்கொள். மேடையில்தான் இருப்பார். ஜீப்பில் நீதான் நிற்பாய்.

இப்போது சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வந்துவிட்டேன். அமைதிக் கூட்டம் முடிந்து வந்த அன்றைக்கு நல்ல மழை. அடுப்படியில் ஒழுகியது. ஓட்டுக்குக் கீழே ஒழுகலுக்காக உன் அப்பா இருந்தபோது ஒரு பழைய பிளக்ஸைக் கட்டியிருந்தாரே, அது ஒரு மூலையில் அவிழ்ந்து தொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி இழுத்தேன். மேல்பக்கம் திரும்பியது. புகையேறிக் கறுத்த உன் அப்பா முகம், மீசையோடு. அதே முதல் வருஷத்துப் பிளக்ஸ்தான். விழா முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் நம்மிடமே போட்டுவிட்டுப் போனது. வெளியே போட அப்பாவுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது, எனக்கும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அதன் கீழே நின்றுதான் நான் சமைத்தேன். அதன் கீழே உட்கார்ந்துதான் நீ சாப்பிட்டாய். இறக்கித் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இடது ஓர மடிப்பு ஒட்டியபடியே இருக்கிறது. வெளிச்சத்தில் அந்த இரண்டெழுத்தும் இடவலம் மாறி நிழல்போலத் தெரிகிறது.

நான் மடிப்பைப் பிரிக்கவில்லை. ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். ஏன் தெரியுமா? உன் குணம் எனக்குத் தெரியும். "உன்கிட்டதான் கடை இருக்கே, எந்தச் சொல்லை வேணும்னாலும் அடிச்சு ஒட்டிக்கிருவ" என்பாய். கமிட்டியும் அதைத்தான் சொல்லும். நீ ஏலக்காய் ஏல மையத்தில் காயின் தரம் பார்க்கிறவன். உள்ளங்கையில் நாலு காயை உருட்டிப் பார்த்தே இது போன பறிப்பு, இது சாயம் ஏற்றியது என்று சொல்லுகிறவன் என்று வியாபாரிகள் உன்னைத் தேடி வருகிறார்கள். அந்தக் கண்ணோடு வா. பசை எந்தக் காலத்துப் பசை, மை எந்தக் காலத்து மை என்று நீயே பார். வெயில் படாத எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் பார்க்க உன் கையால் பிரி. அதற்கப்புறம் நீ மைக்கில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்.

விழாவுக்கு முன்னால் வீட்டுக்கு வருவாய் என்று எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், பதினைந்தாம் தேதி காலையில் பிளக்ஸை எடுத்துக்கொண்டு நான் கீழத்தெரு முனைக்குப் போய் ரோட்டில் உட்கார்ந்துவிடுவேன். முத்தையா அண்ணனிடம் சொல்லப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். தாளை எரித்ததையும் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். அப்புறம், "நடு ரோட்டுல உக்காராத தங்கச்சி, முத வண்டி ஓட்டுறவன் சின்னப் பய. பிரேக்கு பிடிக்கத் தெரியாது" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது அப்பு. இதை டைப் செய்யும்போதே இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஜீப்பு நிற்காமல் போய்விடுமோ என்றும் பயம், மாடியிலிருந்து கல் விழுமோ என்றும் பயம், எல்லாவற்றுக்கும் மேலே, நீ என்னைத் தாண்டி நடந்து போய்விடுவாயோ என்று பயம். ஆனாலும் நடு ரோட்டில்தான் உட்காருவேன். உனக்கு வலிப்பு வந்த அன்றைக்கு உன்னை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தேனோ அப்படிப் பிடித்திருப்பேன். மடிப்பு என் மடியில் இருக்கும். இறங்கி வந்து பிரித்துப் படி.